பட்டு மடித்த கையால் கார்ட்ரிட்ஜ் கட்டிய வரலாறு

காஞ்சிபுரம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு.

வேகவதி ஆறு வற்றினாலும் வாய் வற்றாத குலத்தில் உதித்தவளும், சின்ன காஞ்சிபுரத்து ‘ஏஞ்சல் டிஜிட்டல்ஸ்’ போட்டோக் கடையின் தனிப்பெரும் அதிபதியும், மூன்று வாரமாகத் தாய் என்ற பட்டத்தையும் சேர்த்துச் சுமப்பவளுமான என் அக்காள் மகள் ஏஞ்சலுக்கு, உன் தாய்மாமன் அந்தோணி தலை நிமிர்ந்து எழுதத் தொடங்கி, போகப்போகக் குனிந்து எழுதி முடிக்கப்போகும் கடிதம். நானும் உன் லில்லி அத்தையும் உடம்பால் சுகம். நீயும் குழந்தையும் சுகம் என்று கேள்விப்பட்டேன். குழந்தைக்கு என் மூக்கு வரவில்லை என்றும் கேள்விப்பட்டேன். அது ஆண்டவன் செய்த தவறு, உன் மேல் வருத்தமில்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போன் போட்டால் எடுப்பது உன் அம்மா. “பச்ச ஒடம்புக்காரிகிட்ட போன் குடுக்க மாட்டேன், இன்னா விஷயம், எங்கிட்ட சொல்லு” என்பாள். அவளிடம் சொன்னால், ஓசூரில் அவள் போடுகிற சத்தம் போன் இல்லாமலே காஞ்சிபுரத்துக்குக் கேட்கும். வாட்ஸ்அப்பில் எழுதினாலும் முதலில் திறப்பவள் அவள்தான். என் கையெழுத்தை மட்டும் அவளால் படிக்க முடியாது. ஒரே வீட்டில் வளர்ந்தும் இன்றுவரை என் ‘அ’வும் என் ‘சு’வும் ஒன்றுபோல் இருப்பதாகப் புலம்புகிறவள். இன்னொரு வசதி, போனில் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் அதற்கு வழியில்லை. ஆகவே குழந்தையை உன் அண்ணன் ஜான்சனிடம் கொடு. சுவரில் நன்றாகச் சாய்ந்துகொள். படி.

நீ ஏழாம் மாதத்தில் ஓசூருக்குக் கிளம்பிய அந்தக் காலையிலிருந்து தொடங்குகிறேன். கடை வாசலில் வேன் நிற்கிறது. திருப்புட்குழியிலிருந்து முதல் பஸ் பிடித்து உன் மாமியார் வந்து நிற்கிறார். சம்பந்தியம்மா என்று நான் மரியாதையாக அழைக்கும் அந்த அம்மாளை நீ அறிவாய். அவர் பார்த்தால் பால் தானாக உறையும். உன் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், உன் வயிற்றைப் பார்த்தார்.

“கொழந்த வந்தப்பறம் கடை எதுக்குமா? இத்தினி மாசம் பூட்டி வெச்சா மெஷின் தானா கெட்டுப்பூடும்” என்றார்.

“கெடாது அத்தை. நான் திரும்பி வந்து கடை தொறக்கும்போது மொதல் தாளே பளிச்சுனு வரும்.”

“வந்தா நான் வாயே தொறக்க மாட்டேன். வரலைன்னா மெஷின வித்துட்டு ஊட்டோட இருக்கணும். இன்னா சொல்ற?”

“சரி அத்தை” என்றாய் நீ. எவ்வளவு துணிச்சல்! உன் புருஷன் சத்யராஜ் வேன் டயரில் காற்று இருக்கிறதா என்று அப்போதுதான் மிகுந்த அக்கறையோடு குனிந்து பார்த்தான். எனக்கு மட்டும் உள்ளே முரசு கொட்டியது. என் அக்காள் மகள் தனி ஆளாய்த் தொடங்கிய கடை, சொந்தப் பெயரைப் பலகையில் எழுதி மாட்டிய கடை, ஒரே ஒரு தாளில் தொங்குகிறது. அந்தத் தாள் மெஷினுக்கு மை ஊட்டும் ஆறு கார்ட்ரிட்ஜில் தொங்குகிறது. அந்த ஆறையும் நீ என் கையில் கொடுத்தாய். அன்று உலகத்தில் என்னைவிடப் பொறுப்பு மிகுந்த மனிதன் ஒருவன் இருந்திருந்தால் அவன் விண்வெளியில்தான் இருந்திருப்பான்.

நீ சொன்னதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடைக்குத் தகரக் கூரை, சித்திரை வெயிலில் மெஷினுக்குள் விட்டால் மை காய்ந்து மூக்கு அடைத்துவிடும் என்று ஆறையும் கழற்றி, ஒவ்வொன்றின் மூக்கிலும் ஆரஞ்சு மூடி மாட்டினாய். “மாமா, மூடியக் கழட்டாதீங்க. ஒண்ணொண்ணையும் தனித்தனி ஜிப் கவர்ல போட்டு, கூட கொஞ்சம் ஈரப் பஞ்சு வெச்சி, காத்த அமுக்கி வெளிய தள்ளிட்டு மூடுங்க. மூக்கு மேல பாக்கறாப்ல நிக்க வைங்க. வெயில் படாம, குளுகுளுன்னு ஒரு எடத்துல வெச்சிட்டு தொடாதீங்க” என்றாய். கவர்களையும் நீயே வாங்கிக் கொடுத்தாய். வேன்காரன் ஹாரன் அடித்தான். “எல்லாம் புரிஞ்சுதா மாமா?” என்றாய். புரிந்தது கண்ணு. எல்லாம் புரிந்தது. நான் மறக்கவில்லை. மதிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் மதிக்கவில்லை? நான் யார் என்று எண்ணிப் பார். காந்தி ரோட்டுப் பெரிய பட்டுக்கடையில் மடிப்பு மேஜைக்கு முடிசூடா மன்னனாக இருந்து ஓய்வு பெற்றவன். நான் கட்டிக் கொடுத்த புடவையை அமெரிக்காவில் பிரித்தவர்கள், அதைப் பழையபடி மடிக்கத் தெரியாமல் விமானம் ஏறி என்னைத் தேடி வந்ததாகச் சொல்வார்கள். சொன்னது நான்தான், ஆனாலும் பலர் நம்பினார்கள். பொருளைக் கட்டி வைப்பது எப்படி என்று இந்த அந்தோணிக்கு ஒரு பெண் பாடம் எடுப்பதா என்று தோன்றிவிட்டது. உன் மேல் கோபமில்லை. சின்னப் பெண், ஏதோ யூடியூபில் பார்த்துச் சொல்கிறாள் என்று மன்னித்தேன். மன்னித்துவிட்டு, பட்டை எப்படிக் காப்பாற்றுவேனோ அப்படியே உன் மையையும் காப்பாற்ற இறங்கினேன்.

பட்டுக்குப் பிளாஸ்டிக் ஆகாது. பிளாஸ்டிக்கில் கட்டிய புடவை ஒரே மழைக்காலத்தில் வேர்த்து, ஜரிகை கறுத்து, பழைய பித்தளைபோல் இளிக்கும். ஆகவே நீ கொடுத்த கவர்களை ரவை கொட்டி வைக்க லில்லிக்குத் தானம் செய்தேன். பட்டில் ஊசி, கிளிப் எதுவும் விடக்கூடாது, கறை பிடிக்கும். ஆகவே ஆறு ஆரஞ்சு மூடிகளையும் பிடுங்கி எறிந்தேன். “மூச்சு விடுங்கடா புள்ளைங்களா” என்று தட்டிக்கொடுத்ததாகவும் ஞாபகம். பட்டுக்கு ஈரம் கூடாது, பஞ்சை வெயிலில் காயவைத்தேன். பட்டை மெத்தென்ற பருத்தித் துணியில்தான் சுற்ற வேண்டும். துவைத்துத் துவைத்துப் பாலாடைபோல் ஆகியிருந்த என் கல்யாண வேட்டியை ஆறாகக் கிழித்து, கறுப்பு, மாம்பழ மஞ்சள், ராணி கலர், அதன் தங்கை வெளிர் ரோஸ், ஆனந்தா நீலம், அதன் தம்பி வெளிர் நீலம் என்று ஆறு பேரையும் ஆறு மாப்பிள்ளைகளைப்போல் வேட்டி கட்டி நிறுத்தினேன். பூச்சி வராமலிருக்க ஆளுக்கொரு துண்டு வசம்பு. பிறகு பீரோவைத் திறந்து, லில்லியின் புடவைகளுக்கு நடுவே, குளுமையாக, இருட்டாகப் படுக்க வைத்தேன். பார், குளுகுளு என்று நீ சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

லில்லி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்தப் பொண்ணு இன்னா சொல்லிட்டுப் போச்சு, நீங்க இன்னா செஞ்சிக்கினு இருக்கறீங்க?”

“கட்டறதப் பத்தி எங்கிட்டயா பேசற?”

“இது பொடவையா? மைங்க!”

“நூலும் மையும் ஒண்ணுதான் லில்லி. ரெண்டும் நெறத்த சொமக்கற ஜீவனுங்க.”

“ஜீவன் ஒழுகினா நான் தொடைக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்” என்று உள்ளே போய்விட்டாள். உன் அத்தைக்குக் கலை உள்ளம் கிடையாது என்று அன்று எண்ணினேன். இன்று என்ன எண்ணுகிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

பட்டுப் புடவையை ஒரே மடிப்பில் விடக்கூடாது ஏஞ்சல். மடித்த இடத்திலேயே இழை விட்டுப்போகும். அவ்வப்போது பிரித்து, மாற்றி மடித்து, புரட்டி வைக்க வேண்டும். கார்ட்ரிட்ஜை மடிக்க முடியாதே என்று யோசித்தேன். புரட்டலாமே! ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பீரோவைத் திறந்து, ஆறு பேரையும் தலைகீழாக, பிறகு இடப்பக்கம், பிறகு வலப்பக்கம் என்று தொட்டில் குழந்தைக்குச் செய்வதுபோல் திருப்பி விட்டேன். மூடி இல்லாத மூக்கு, உறிஞ்சுவதற்கென்றே பிறந்த வேட்டித் துணி, மேலே நான் கொடுத்த உடற்பயிற்சி. மூன்றும் சேர்ந்து என்ன செய்யும் என்று நீயே சொல்லியிருப்பாய். நீ ஓசூரில் இருந்தாய்.

ஒருநாள் பங்குக் கோயிலில் யாருக்கோ கல்யாணம். லில்லி பீரோவிலிருந்து சந்தன நிறப் புடவையை உருவினாள். உருவியதை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள்.

“ஏங்க. இது எம் பொடவ. இதுல இன்னா பூ பூத்துக்கினு இருக்குது?”

நான் எட்டிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. ராணி கலரில் ஒரு பெரிய பூ, அதைச் சுற்றி மஞ்சள் வளையம், ஓரத்தில் கறுப்பு இலை. “புட்டா” என்றேன்.

“புட்டாவா? நாளைலேர்ந்து சோத்த நீயே ஆக்கிக்க. அதுமேலயும் புட்டா போட்டுத் தின்னு.”

கல்யாணத்துக்கு நான் தனியாகப் போனேன். தனியாகவே சாப்பிட்டேன். சாப்பிடும்போது சிந்தித்தேன். மை ஏன் வெளியே வந்தது? பீரோவுக்குள் புழுக்கம். புழுக்கத்தில் பட்டு வேர்க்கும், மையும் வேர்த்திருக்கிறது. வேர்த்த பட்டுக்கு வைத்தியம் இளங்காலைக் காற்று. ஆண்டவரே, இந்த மண்டைக்குள் எத்தனை அறிவை வைத்தீர் என்று அங்கேயே கண் கலங்கினேன். பக்கத்து இலைக்காரர் ரசத்தில் காரம் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஆறு பொட்டலங்களையும் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக வைத்தேன். கீழே தெருவில் நம் பக்கத்து வீட்டு உமாபதி பாவு நீட்டிக்கொண்டிருந்தான். தறியில் ஏற்றப்போகிற பட்டு இழைகளைத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீட்டிக் கட்டி ஒழுங்குபடுத்துவார்களே, அதுதான். அன்றைக்கு அரைத்த மஞ்சள் நிறத்தில் ஒரு கல்யாணப் புடவைக்கான பாவு. இளவெயிலில் தெருவே தங்கத் தகடு அடித்ததுபோல் மின்னியது. உமாபதியின் மனைவி கமலாட்சி அந்தக் கோடியில் இழை பிரித்துக்கொண்டிருந்தாள். நான் மேலே நின்று, அரண்மனை உப்பரிகையில் நிற்கும் ராஜாவைப்போல் இருவருக்கும் கையசைத்தேன். அந்த நேரத்தில்தான் அது வந்தது.

குரங்கு. கோயில் பிரசாதம் தின்று கொழுத்து, ஊரில் யாருக்கும் வரி கட்டாமல் வாழ்கிற அந்தக் கூட்டத்திலேயே பெரியது. யானைக்குட்டி அளவு இருக்கும். லில்லி பூனை அளவு என்பாள், நம்பாதே. வெள்ளைத் துணியில் பொட்டலம் கட்டி வைத்திருந்தால் அது என்னவென்று நினைக்கும்? தயிர்சாதம் என்றுதான். வலக்கையில் ஆனந்தா நீலத்தையும் இடக்கையில் அதன் தம்பியையும் தூக்கியது. நான் “ஏய்!” என்றேன். அது என்னைப் பார்த்துக்கொண்டே வேட்டியை அவிழ்த்து, இரண்டையும் ஒரே கடி. பிறகு அதன் முகம் போன போக்கை உன் கேமராவால்கூடப் பிடிக்க முடியாது. நாக்கு நீலம், பல் நீலம், மார்பில் வழிந்தது நீலம். தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டது. பயந்து கத்தியது. கையிலிருந்த இரண்டையும் வீசிவிட்டு ஓடியது. எங்கே வீசியது என்று நான் பார்க்கவில்லை. உமாபதியின் குரலைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

“யோவ் அந்தோணி! மேல இன்னாயா பண்ணிக்கினு இருக்கற?”

நான் படிகளில் இறங்கவில்லை, உருண்டேன். மஞ்சள் பாவின் நடுவே ஒரு முழ நீளத்துக்கு நீலம் இறங்கி, மஞ்சளோடு கலந்து, பளிச்சென்று ஒரு புது நிறம்.

“இன்னா கலர்யா இது?” உமாபதி கறை பட்ட இழைகளை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினான்.

“கிளிப்பச்சை.”

“பேரா கேட்டேன் உன்ன?”

கமலாட்சி ஓடிவந்தாள். பாவைப் பார்த்தாள், கூரை மேல் வாயைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்த குரங்கைப் பார்த்தாள், அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். “அண்ணே, அது மூஞ்சப் பாருங்கண்ணே! கண்ணாடி கேக்குது!” என்றாள். அந்தச் சிரிப்புதான் அன்று என் உயிரைக் காப்பாற்றியது. மனைவி சிரிக்கும்போது புருஷன் கொலை செய்ய முடியாது.

கறை பட்ட இழைகளை ஒவ்வொன்றாக வெட்டி, புது இழையை வைத்து முறுக்கிப் பிணைக்க வேண்டும். உமாபதி என்னைத் தரையில் உட்காரவைத்து இழை முனைகளைப் பிடிக்கச் சொன்னான். வெயில் ஏறியது. “மூச்சு விடாத, இழை பறக்குது” என்றான். விடவில்லை. “மடிச்சுக்கினே இருந்த ஆளுக்கு நெய்யறவன் பாடு இன்னிக்குத் தெரிஞ்சுதாபா?” என்றான். மூச்சு விடக்கூடாது என்றதால் தலையை மட்டும் ஆட்டினேன். “ஆட்டாத!” என்றான். கடைசி இழை முடிந்தபோது எனக்கு இடுப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் பாவு பிழைத்தது. உமாபதி மறுபடி என்னோடு பேசுகிறான், எங்கள் வீட்டு மாடியைப் பார்க்காமல் பேசுகிறான். கார்ட்ரிட்ஜ் இரண்டையும் சாக்கடை ஓரத்திலிருந்து பொறுக்கி வந்து கழுவித் துடைத்து, பல் பதிந்த வடுவோடு தம்பி தங்கைகளுக்கு நடுவே வைத்தேன். உள்ளே சொட்டு மை கிடையாது.

அந்த வாரம்தான் நீ பெண் பெற்ற செய்தி வந்தது. லில்லி என்னை மன்னித்துத் தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்தாள். நான் ஒரு ஜாங்கிரியைக்கூட நிம்மதியாகத் தின்னவில்லை. இரண்டுதான் தின்றேன். குழந்தை பிறந்தாயிற்று என்றால் நீ திரும்பும் நாள் நெருங்குகிறது, அந்த முதல் தாள் நெருங்குகிறது. நீ வருவதற்குள் ஏதாவது செய்துவிடலாம், சென்னைக்குப் போய் எதையாவது வாங்கி வந்து வாயை மூடிக்கொண்டு மாட்டிவிடலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். திட்டம் முடிவதற்குள் முந்தாநாள் திருப்புட்குழி பஸ் வந்துவிட்டது.

“சம்பந்தி, பேத்தி படம் சத்யா அனுப்பிச்சிருக்கான்” என்று உன் மாமியார் போனை நீட்டினார். “பெரிசா ஒண்ணு போட்டுக் குடுங்க, கண்ணாடி போட்டு மாட்டணும். போன்லேர்ந்து போட ஏஞ்சல் உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்குதாமே? மெஷின் ஓடுதான்னும் பாத்தாப்ல ஆச்சு.”

“ஏஞ்சல் வந்து அது கையால...”

“ஏன், கெட்டுப்பூடுச்சா?”

என்ன சொல்வேன்? ஆமாம் என்றால் உன் கடை அந்த நிமிஷமே போயிற்று. இல்லை என்றால் ஒரு பத்து நிமிஷம் தாங்கும். பத்து நிமிஷத்தில் ஆண்டவர் எத்தனையோ செய்திருக்கிறார் என்று நம்பி, ஆறு பேரையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு நடந்தேன். ஷட்டரைத் தூக்கினேன். சிலுவை போட்டேன். ஒவ்வொன்றாக மாட்டினேன். கடிபட்ட இரண்டையும் மாட்டும்போது சம்பந்தியம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டேன். உன் மெஷின் நல்ல மனம் படைத்தது கண்ணு. கடைசியாக எவ்வளவு மை இருந்ததோ அவ்வளவும் இருப்பதாகவே நம்பி, விளக்குகளைப் பச்சையாகக் காட்டியது. என்னை இந்த உலகத்தில் முழுதாக நம்பியது அது ஒன்றுதான். பட்டனை அழுத்தினேன்.

மெஷின் இருமியது, முனகியது, கிழவன் மாடி ஏறுவதுபோல் ஏறி இறங்கியது. தாள் வந்தது. எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பச்சைத் திரை மஞ்சளாகிவிட்டது. குழந்தையைச் சுற்றியிருந்த நீலப் போர்வை ரோஸ் ஆகிவிட்டது. படம் முழுக்கக் குறுக்கே குறுக்கே வெள்ளைக் கோடுகள், தறியில் ஊடை நூல் ஓடாமல் விட்டுப்போன துணிபோல. குழந்தை அந்தக் கம்பிகளுக்குப் பின்னால் இருந்து, இந்தக் குடும்பத்தில் போய் பிறந்தேனே என்று பார்த்தது.

சம்பந்தியம்மா தாளை வாங்கினார். கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நான் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். மின்சாரம் சரியில்லை, தாள் சரியில்லை, போன் சரியில்லை என்று அடுக்கடுக்காக வைத்திருந்தேன். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. தாளைப் பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, “வர்றேன் சம்பந்தி” என்று பஸ் ஏறிவிட்டார். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன் ஏஞ்சல்.

ஷட்டரை இறக்கிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே உன் பெயர்ப் பலகை. என் ஜம்பமெல்லாம் அங்கே வேலை செய்யவில்லை. நீ கேட்டது ஒரு சின்ன உதவி. கவரில் போடு, மூடு, தொடாதே. என்னால் தொடாமல் இருக்க முடியவில்லை. நல்லது செய்வதாக நினைத்து நினைத்துத் தொட்டேன். வேறு யாராவது கெடுத்திருந்தால் அவன் வீட்டுக் கூரையைப் பிரித்திருப்பேன். கெடுத்தது நான், என் வீட்டில் லில்லியும் இருக்கிறாள், கூரையைப் பிரிக்க வழியில்லை. ஆகவே நேராகச் சொல்கிறேன். நாம் தோற்றோம். நீ இல்லை, நான். நீ அவசரப்பட்டு இங்கே வராதே. குழந்தைக்குத் தானாக உட்காருகிற வயது வரட்டும், இன்னும் ஆறு மாதம் அங்கேயே இரு. அதற்குள் நான் திருப்புட்குழிக்குப் போய், தோற்றது மெஷின் இல்லை, அந்தோணிதான் என்று அந்த அம்மாள் காலில் விழாத குறையாகச் சொல்கிறேன். அவர் மனம் இளகும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அந்த மனத்தை உருக்க வேண்டுமானால் பொற்கொல்லர் உலை ஒன்று தனியாகக் கட்ட வேண்டும். இருந்தாலும் போகிறேன்.

குழந்தையின் உச்சந்தலையில் என் சார்பாக ஒரு முத்தம் வை. மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். உனக்குப் பால் பெருகவும், உன் அம்மாவுக்கு என் மேல் கோபம் குறையவும், ஜான்சனுக்குப் பெண் அமையவும் இங்கிருந்தே மன்றாடுகிறேன். லில்லி உன்னை விசாரித்தாள், என்னை விசாரிப்பதில்லை.

இப்படிக்கு,
உன் நம்பிக்கைக்குத் தகுதியில்லாத, ஆனாலும் மாற்ற முடியாத ஒரே தாய்மாமன்,
அந்தோணி.

பி.கு.: உறைக்குப் பசை தடவும்போது கதவு தட்டப்பட்டது. உன் மாமியார். உள்ளே வந்து, பையிலிருந்து நான்கு படங்களை எடுத்து மேஜையில் பரப்பினார். ஒன்று நம் மெஷின் கோடு போட்டது. மற்ற மூன்றும் மூன்று வேறு கடைகளில் போட்டது, கோடு இல்லை, திரை பச்சை, போர்வை நீலம், எல்லாம் கச்சிதம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“இதப் பாருங்க சம்பந்தி” என்றார். “மூணு எடத்துலயும் புள்ளைய மாவுல பொரட்டி எடுத்து வெச்சிருக்கானுங்க. கேட்டா, ‘கலர் ஏத்திக் குடுத்திருக்கேன்மா’ன்றான் ஒருத்தன். யாரு கேட்டது? எங்க ஊட்ல இந்த நெறத்துல ஒருத்தரும் பொறந்ததில்ல. யார் ஊட்டுப் புள்ளைன்னு கேக்க மாட்டாங்க?” கோடு போட்ட படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “இதுலதான் எம் பேத்தி இருக்குது. கோடு போனாப் போவுது. நெறம் என்னுது.”

அப்போதுதான் நானும் பார்த்தேன் கண்ணு. திரையையும் போர்வையையும் பார்த்துப் பதறிய நான் குழந்தையைப் பார்க்கவே இல்லை. நல்ல ஈரக் களிமண் நிறம். நீ மெஷினில் ஆட்களின் நிறம் மாறாதபடி ஏதோ சரிசெய்து வைத்திருக்கிறாயாமே. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாததால் அது ஒன்று மட்டும் என் கைக்குத் தப்பியிருக்கிறது.

“சத்யா கல்யாணத்துல எடுத்தவனுங்க எல்லாரும் என்ன வெளுத்து வெச்சானுங்க” என்றார், குரல் கொஞ்சம் இறங்கியது. “ஏஞ்சல் போட்ட படத்துலதான் நான் நானா இருந்தேன். அதுகிட்ட சொன்னதில்ல.”

“அப்போ பந்தயம்? மொதல் தாளு சரியா வரலையே சம்பந்தியம்மா?”

“வரல. நாந்தான் ஜெயிச்சேன். ஜெயிச்சவ சொல்றதுதான் சட்டம். ஆறு மையும் புதுசா வாங்கச் சொல்லி சத்யாகிட்ட சொல்லிட்டேன். அது வந்து கடையத் தொறக்கட்டும். புள்ளைய நான் பாத்துக்கறேன்.”

ஆகவே ஆறு மாதமெல்லாம் இருக்காதே, உடம்பு தேறியதும் கிளம்பி வா. புது மை வந்ததும் பிரிக்காமல் லில்லி கையில் தர வேண்டும், நான் அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது என்பது சம்பந்தியம்மாவின் இன்னொரு சட்டம். இப்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டே, “என்னப் பத்தி இன்னா எழுதிக்கினு இருக்கறீங்க?” என்று கேட்கிறார். நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். முன் பக்கங்களை நானே கிழித்துவிடுவேன், ஆனால் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். படித்ததும் நீ கிழித்துவிடு.